தொழிற்சாலை எரிபொருளுக்கு ஒரு பொதுக்கணக்கு வேண்டும்: ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர், சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை, தலைமைச் செயலகம், சென்னை.
தமிழ்நாடு பசுமைக் காலநிலை நிறுவனம் மற்றும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பாளர்கள்.

ஐயா, அம்மா, வணக்கம்.

தமிழ்நாட்டின் ஆலைகளும் பட்டறைகளும் சூளைகளும் ஒரு வருடத்தில் எவ்வளவு நிலக்கரி எரிக்கின்றன? எவ்வளவு பெட்கோக் (பெட்ரோலியச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி), எவ்வளவு நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி, ஃபர்னஸ் ஆயில், டீசல், இயற்கை எரிவாயு, விறகு? அதிலிருந்து எத்தனை டன் கரியமில வாயு வெளியேறியது, எந்த மாவட்டத்தில் எவ்வளவு, போன வருடத்தைவிடக் கூடியதா குறைந்ததா? இதைச் சொல்லும் ஓர் அட்டவணையை, வருடா வருடம் ஒரே முறையில் கணக்கிட்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அரசு வெளியிட வேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான். இது ஏன் முடியும், ஏன் இனியும் ஆறப்போடக் கூடாது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கத்து ஆலைகளில் எரிசக்தித் தணிக்கை செய்வது என் பிழைப்பு. பாய்லர் அறைகளிலேயே என் பாதி நேரம் போகிறது. ஒரு ஆலையில் எரிபொருள் எங்கே வீணாகிறது, அதை எப்படி நிறுத்தலாம் என்று என்னால் சொல்ல முடியும். அந்த ஆலைகள் எல்லாம் சேர்ந்து மாவட்ட அளவில் எதைக் குறைத்தன என்று யாராவது கேட்டால், எடுத்துக் காட்ட அரசின் எண் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எந்தத் துறையின் ஆண்டறிக்கையிலும் அதை நான் பார்த்ததில்லை.

காலநிலைக்காக இந்த அரசு செய்திருப்பதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. 2021-இல் துறையின் பெயரிலேயே காலநிலை மாற்றம் சேர்ந்தது. அதற்கென ஒரு நிறுவனமும், முதலமைச்சர் தலைமையில் ஓர் ஆளுமைக் குழுவும், ஆட்சியர் பொறுப்பில் மாவட்டந்தோறும் ஓர் இயக்கமும் வந்தன. இன்று நம் மாநிலத்தில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அறிவிக்கப்பட்ட 20 ராம்சார் ஈரநிலங்கள் இருக்கின்றன. அலையாத்திக் காடுகள் வளர்க்கப்படுகின்றன. நாடு 2070-இல் எட்டப்போவதாகச் சொல்லும் கார்பன் சமநிலையை, அதாவது வெளியேறுவதும் உறிஞ்சப்படுவதும் சமமாகும் நிலையை, அதற்கு முன்பே எட்டுவோம் என்று மாநிலம் சொல்லியிருக்கிறது. இவை எல்லாம் எனக்குப் பெருமைதான். ஆனால் நட்ட மரங்களுக்குக் கணக்கு சொல்கிறோம், எரித்த கரிக்குச் சொல்வதில்லை. சமநிலை என்றால் தராசின் இரண்டு தட்டும் தெரிய வேண்டாமா?

மத்திய அரசு ஐநா-வுக்கு அறிக்கை தருகிறது. 2024 டிசம்பரில் கொடுத்த அறிக்கைப்படி, 2020-ஆம் ஆண்டில் இந்தியாவின் பசுமைக்குடில் வாயு வெளியேற்றம், காடுகள் உறிஞ்சியதைக் கழிக்கும் முன், 2,959 மில்லியன் டன். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு எரிசக்தியால் வந்தது. அந்தக் கணக்கில் தமிழ்நாடு தனியே தெரியாது. தன்னார்வ அமைப்புகள் சேர்ந்து நடத்தும் ஜிஎச்ஜி பிளாட்ஃபார்ம் இந்தியா மாநில வாரியாக மதிப்பீடு போட்டிருக்கிறது. நல்ல வேலை அது. இருந்தாலும், தேசிய அளவு எண்ணை ஏதோ ஒரு விகிதத்தில் மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்க வேண்டிய இடங்கள் அதில் வந்தே தீரும். ஆலையின் ரசீதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் அரசுக்குத்தான் உண்டு.

அமெரிக்காவில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களுடைய எரிசக்தித் தகவல் நிர்வாகம் ஒவ்வொரு மாநிலத்துக்கும், தொழில், போக்குவரத்து, வீடு, வணிகம், மின்னுற்பத்தி என்று துறை பிரித்து, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு என்று எரிபொருளும் பிரித்து, கரியமில வாயுக் கணக்கை வெளியிடுகிறது. 1970 வரை பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். ஒஹையோவின் தொழிற்சாலைகளில் நிலக்கரிப் பயன்பாடு எப்படி இறங்கியது என்று அங்கே ஒரு பள்ளி மாணவர்கூட கோடு வரைந்து பார்த்துவிடலாம். இதற்காக அவர்கள் ஒவ்வொரு புகைபோக்கியிலும் கருவி மாட்டவில்லை. விற்ற எரிபொருளையும் எரித்த எரிபொருளையும் எண்ணி, இவ்வளவு எரிபொருளுக்கு இவ்வளவு வாயு என்று சொல்லும் காரணியால் பெருக்கினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் "இதற்கெல்லாம் கருவி வேண்டும், நிதி வேண்டும்" என்ற பேச்சு இங்கேதான் கிளம்புகிறது. எரிபொருளில் இருக்கும் கார்பன் எரிந்தால் கரியமில வாயு ஆகிறது. 12 கிலோ கார்பன் 44 கிலோ வாயுவாகிறது. பாய்லர் பழையதோ புதியதோ, கார்பனின் கணக்கு இதுதான். கொஞ்சம் கரி எரியாமல் சாம்பலோடு போகும். சாம்பல் குவியல் கறுப்பாக இருந்தால் எனக்கு அது தெரிந்துவிடும், ஆனால் அது சிறு திருத்தம்தான். ஆக, உள்ளே போனதன் எடையும் தரமும் தெரிந்தால் வெளியே போனது தெரிந்த மாதிரி. 2006-இல் ஐநா-வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி வகுத்த நெறிமுறை இதற்கான காரணிகளைத் தருகிறது. ஒரு கிகாஜூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்துக்கு வெளியேறும் கரியமில வாயு: பழுப்பு நிலக்கரி 101 கிலோ, பெட்கோக் 97.5, சாதாரண நிலக்கரி 94.6, ஃபர்னஸ் ஆயில் 77.4, டீசல் 74.1, இயற்கை எரிவாயு 56.1.

எடை மட்டும் போதாது, தரமும் வேண்டும் என்றேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி லாரியில் எங்கள் பக்கம் வரும் இந்தோனேசிய நிலக்கரி பெரும்பாலும் கிலோவுக்கு 4,200 கிலோகலோரி வெப்பம் தரும் ரகம். அதில் ஒரு டன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 டன் கரியமில வாயு. தென்னாப்பிரிக்காவின் 6,000 கிலோகலோரி ரகம் என்றால் 2.4 டன் வரை போகும். இரண்டுக்கும் ரசீதில் பெயர் 'ஸ்டீம் கோல்' என்றுதான் இருக்கும். டன்னை மட்டும் கூட்டி ஒரே எண்ணால் பெருக்கினால் கணக்கு சரியாக வராது. ஆனால் கலோரி அளவு தெரியாமல் எந்த ஆலைக்காரரும் கரி வாங்க மாட்டார், அதை வைத்துத்தானே விலை. அந்த எண் ரசீதோடு வரும் ஆய்வுச் சான்றிதழில் இருக்கிறது. யாரும் கேட்டு வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

கேட்க வேண்டிய துறைகள் எல்லாம் அரசிடமே இருக்கின்றன. கொதிகலன் இயக்ககத்துக்குத் தெரியாமல் இந்த மாநிலத்தில் ஒரு பாய்லர் ஓட முடியாது. 1923-இல் வந்த சட்டம் தொடங்கி ஒவ்வொன்றுக்கும் பதிவு எண் உண்டு, ஆண்டுதோறும் ஆய்வும் சான்றிதழும் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் ஆலையை நடத்துவதற்கான இசைவாணைக்கு விண்ணப்பிக்கும்போது என்ன எரிபொருள், நாளைக்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கிறார்கள். வணிகவரித் துறையிடம் 2017 ஜூலைக்குப் பிறகு நிலக்கரி, கோக், பெட்கோக், ஃபர்னஸ் ஆயில் வாங்கியதற்கான ஜிஎஸ்டி விவரம் இருக்கிறது. டீசலும் இயற்கை எரிவாயுவும் இன்னும் மதிப்புக்கூட்டு வரியில் இருப்பதால் அவற்றின் விற்பனைக் கணக்கும் அங்கேயே இருக்கிறது. பெரிய ஆலைகள் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-இன்படி ஆண்டுதோறும் தரும் எரிசக்திக் கணக்கு, மாநில முகமை என்ற முறையில் மின் ஆய்வுத் துறைக்குப் போகிறது. நான்கு துறையும் ஆளுக்கொரு துண்டு வைத்திருக்கின்றன. ஒட்டிப் பார்க்க ஆள் இல்லை.

கிண்டியில் வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் இயங்கும் காற்றுக் கண்காணிப்பு மையத்துக்குப் பெரிய ஆலைகளின் புகைபோக்கி அளவுகள் இணையம் வழியாகத் தொடர்ந்து வருகின்றன. அங்கே வருவது துகள், கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு. 2009-இல் அறிவித்த தேசியக் காற்றுத்தர அளவுகோலில் 12 மாசுகள் உண்டு, கரியமில வாயு அதில் இல்லை. மூச்சுக்கு உடனடிக் கேடு தருவதை முதலில் அளந்தது நியாயம்தான். அதனால் அந்த மையத்தையே குறை சொல்லிப் பயனில்லை. நான் சொல்லும் கணக்கு புகைபோக்கியில் தொடங்குவதும் இல்லை. அது ஆலை வாசலில் இருக்கும் எடைமேடையில் தொடங்குகிறது.

இனி எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மடலை எழுதத் தூண்டியதே அதுதான்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயக்கழிவால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் என்ன கதிக்கு ஆளாகியிருந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். அதன்பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற முறையில் பட்டறைகள் திரும்ப ஓடத் தொடங்கின. அது நடக்க வேண்டிய மாற்றம், நடந்தது. ஆனால் சாயக்கழிவு நீரைச் சுத்திகரித்து, சவ்வூடு வடிகட்டி, கடைசியில் மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சித்தான் உப்பைப் பிரித்தாக வேண்டும். காய்ச்ச நீராவி வேண்டும், நீராவிக்கு விறகோ கரியோ வேண்டும். சாயம் ஏற்றத் தண்ணீரைச் சூடாக்குவதற்கு ஒரு தடவையும், அதில் மிஞ்சும் உப்புத் தண்ணீரைப் பிறகு ஆவியாக்குவதற்கு இன்னொரு தடவையும் எரிக்கிறோம். ஆற்றைக் காப்பாற்ற நாம் கொடுக்கும் கார்பன் விலை அது. கொடுக்க வேண்டிய விலைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு என்று தெரிந்தால்தானே சூரிய வெப்பத்திலோ நல்ல ஆவியாக்கியிலோ எவ்வளவு பணம் போடலாம் என்று முடிவெடுக்க முடியும்?

ஒரு பட்டறையின் பாய்லர் அறையில் தொங்கும் லாக் புக்கைப் பாருங்கள். மணிக்கு மணி நீராவி அழுத்தம் எழுதியிருக்கும், ஊட்டுநீர் மீட்டர் அளவும் எழுதியிருக்கும். எரிபொருள் கட்டத்தில் "விறகு 2 லோடு" என்று இருக்கும். ஒரு லோடு என்பது எட்டு டன்னாகவும் இருக்கலாம், பதினான்கு டன்னாகவும் இருக்கலாம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் வெட்டிய சீமைக்கருவேலம் காய்ந்து வந்தால் ஒரு டன்னுக்கு 15 கிகாஜூல் வரை வெப்பம் தரும். மழைக்காலத்தில் பச்சையாக வந்தால் பாதி தண்ணீர்தான், வெப்பமும் பாதிக்குச் சற்றே மேல். பாய்லர்காரருக்கு இது அனுபவத்தில் தெரியும். மழை பெய்த வாரம் அழுத்தம் ஏறவில்லை என்று விறகின் மேல் முந்திரி ஓட்டையோ கொஞ்சம் கரியையோ அள்ளிப் போடுவார். அதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. விறகுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால், நிலக்கரிக்கு இருப்பது போன்ற வரித்தடமும் இல்லை. திருப்பூரில் நீராவிக்கு இவ்வளவு முக்கியமான எரிபொருள் அரசின் கண்ணில் அநேகமாக படுவதே இல்லை.

விறகு மரத்திலிருந்து வந்தது, மரம் திரும்ப வளரும், ஆகவே கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பார்கள். ஐபிசிசி முறையும் விறகின் கரியமில வாயுவை எரிசக்தி மொத்தத்தில் கூட்டாமல் தனியே குறிக்கச் சொல்கிறது, அதை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. மறுபடி வளர்ந்தால்தான் அந்த வாதம் நிற்கும். சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்ற நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படி அகற்றிய நிலத்தில் என்ன வளர்கிறது? சீமைக்கருவேலம் தீர்ந்தபிறகு பட்டறைகள் எந்த மரத்தைத் தேடும்? எவ்வளவு விறகு, எந்த மாவட்டத்திலிருந்து என்ற இரண்டு கட்டங்கள் படிவத்தில் இருந்தால் வனத்துறையே இதற்குப் பதில் சொல்லிவிடும். அந்த வனத்துறையும் உங்கள் துறைக்குள்ளேதான் இருக்கிறது.

இசைவாணையில் எழுதிய எரிபொருளும் உண்மையில் எரிவதும் ஒன்றாகவே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2022 ஜனவரியில் இந்தோனேசியா நிலக்கரி ஏற்றுமதியை நிறுத்திவைத்தது. கரி விலை எகிறும்போதெல்லாம் விறகுக்குத் தாவி, இறங்கியதும் திரும்பும் ஆலைகள் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, ஆர்டரை முடித்தாக வேண்டுமே. அதனால்தான் அனுமதித்த அளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள் என்கிறேன். வாங்கியதையும் எரித்ததையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சில சிக்கல்களை முதல் வருடமே தீர்த்துவிட வேண்டும். சிமென்ட் ஒன்று. அரியலூரிலும் டால்மியாபுரத்திலும் கரூர் புலியூரிலும் சூளைக்குள் எரியும் நிலக்கரி, பெட்கோக் ஒரு பக்கம். சுண்ணாம்புக்கல் வெந்து சிதையும்போது கல்லிலிருந்தே வரும் கரியமில வாயு இன்னொரு பக்கம், அதுதான் பாதிக்கும் மேல். இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் எரிபொருளை மாற்றியதால் வந்த பலன் தெரியாமல் போகும். பெட்கோக்கைத் தனியே காட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018-இல் அதை எரிபொருளாக இறக்குமதி செய்யத் தடை வந்தபோது சிமென்ட் போன்ற சில தொழில்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். அந்த விலக்கின் கீழ் இங்கே எவ்வளவு எரிகிறது என்பது மக்களுக்குத் தெரிய வேண்டிய எண்.

சொந்த மின்நிலையம் இன்னொன்று. ஆலை தன் தேவைக்கே மின்சாரம் தயாரித்தால் அந்தக் கரி ஆலையின் கணக்கில் வர வேண்டும், மின்துறையில் அல்ல. ஐபிசிசி முறையும் அப்படித்தான். காகிதபுரத்தில் உள்ள அரசு காகித நிறுவனம் சர்க்கரை ஆலைகளின் கரும்புச் சக்கையை எடுத்துக்கொண்டு, ஈடாக நீராவிக்கோ எரிபொருளுக்கோ ஏற்பாடு செய்து தருவது பழைய வழக்கம். மரம் மிச்சமாகும் நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கரி சர்க்கரையின் கணக்கா, காகிதத்தின் கணக்கா? எதுவாக இருந்தாலும் சரி, ஒரு தடவை எண்ணினால் போதும். எண்ணாமல் மட்டும் விட்டுவிடக் கூடாது. அப்புறம் காரைக்கால். அந்தத் துறைமுகம் புதுச்சேரி எல்லைக்குள் இருக்கிறது, அங்கே இறங்கும் கரி ரயிலேறித் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. துறைமுகக் கணக்கை மட்டும் நம்பினால் இது தவறிவிடும். கோவை வார்ப்படப் பட்டறைகளில் கோக் போட்டு உருக்கும் கியூப்போலாவை விட்டு மின்சார உலைக்கு மாறியவர்கள் உண்டு. அவர்கள் எரிபொருள் கணக்கில் காணாமல் போய் மின்கணக்கில் வருவார்கள். அதனால் பக்கத்திலேயே மின்சாரத்துக்கும் ஒரு கட்டம் வையுங்கள்.

2023-இல் மத்திய அரசு அறிவித்த கார்பன் வரவு வணிகத் திட்டம் இதைப் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். பார்த்துக்கொள்ளாது. அது பெரிய ஆலைகளுக்கானது, அதுவும் ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு என்ற விகிதக் கணக்கு. விகிதம் குறைந்துகொண்டே மொத்தம் ஏறலாம், வானத்துக்குப் போவது மொத்தம்தான். நெசவுத் துறையில் ஆண்டுக்கு 3,000 டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்திக்குக் கீழே பயன்படுத்துபவர்கள் பழைய எரிசக்திச் சேமிப்புத் திட்டத்துக்குள்ளும் வரவில்லை. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்குக் கீழேதான். பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி கேட்கும் அறிக்கையும் பட்டியலிட்ட பெரிய கம்பெனிகளுக்கு மட்டும், அதுவும் நாடு முழுவதுக்குமாகச் சேர்த்து ஒரே எண்.

ஆலைக்காரர்கள் பயப்படுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். "கணக்கு கொடுத்தால் நாளைக்கு அதையே வைத்து நோட்டீஸ் வரும்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயம் பொய் இல்லை. ஆகவே இந்தக் கணக்கைப் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்படுத்துவோம் என்று ஆணையிலேயே எழுதுங்கள். சிறு அலகுகளின் விவரத்தைத் தொகுத்து வட்ட அளவில் மட்டும் வெளியிடுங்கள். பெரிய ஆலைகளுக்கு அந்த மறைப்பு தேவையில்லை, அவர்களை ஆலை வாரியாகவே வெளியிடலாம். எண்ணூர், மணலியில் குடியிருப்பவர்கள் தங்கள் தெருவை ஒட்டி எவ்வளவு எரிகிறது என்று கேட்டால், தகவல் அறியும் சட்டத்தில் மனு போட்டுக் காத்திருக்க வைப்பது முறையாகாது.

தொழிலுக்கும் இதனால் நன்மை உண்டு. இறக்குமதிப் பொருளைத் தயாரித்தபோது வெளியான கரியமில வாயுவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் போடும் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரி முதல் முழுமையாக அமலுக்கு வந்திருக்கிறது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் எல்லாம் அதில் வருகின்றன. சொந்தக் கணக்கைக் காட்ட முடியாதவர்களுக்கு அவர்களே ஓர் உயர்ந்த எண்ணை வைத்துக்கொள்வார்கள். துணி அதில் இன்னும் இல்லை, ஆனால் வெளிநாட்டு வாங்குநர்கள் இப்போதே கேட்கிறார்கள். ஒரே ஆலைக்கு மூன்று வாங்குநர் மூன்று விதப் படிவம் அனுப்புவதை நான் பார்க்கிறேன். அரசு சான்றளித்த ஒரே கணக்கு இருந்தால் சின்ன முதலாளிக்கு அது எவ்வளவு பெரிய உதவி.

எரிவாயு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019-இல் வந்தது, ராமநாதபுரம் தூத்துக்குடிக் குழாய் 2021-இல் திறந்தார்கள். மணலி உரத் தொழிற்சாலை, பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுக்கும் நாப்தாவை விட்டு எரிவாயுவுக்கு மாறியது. அதே வெப்பத்துக்கு நிலக்கரியைவிட எரிவாயுவில் 40 சதவீதம் அளவுக்குக் கரியமில வாயு குறையும், குழாயில் மீத்தேன் கசியாமல் இருந்தால். குழாய் போடும் செலவு நியாயமா, எந்த ஊருக்கு முதலில் போட வேண்டும் என்பதை எல்லாம் எங்கே எவ்வளவு கரி எரிகிறது என்ற படம் இல்லாமல் முடிவு செய்துகொண்டிருக்கிறோம்.

ஆக, நான் கேட்பது இவை. நான்கு துறைகளும் பாய்லர் பதிவு எண்ணையும் ஜிஎஸ்டி எண்ணையும் வைத்துத் தங்கள் விவரங்களை இணைக்க ஓர் அரசாணை வேண்டும். வாரியத்துக்கு ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள் தரும் சுற்றுச்சூழல் அறிக்கையோடு ஒரு பக்கம் சேருங்கள். எரிபொருள், டன், கலோரி அளவு, விறகானால் ஈரமும் ஊரும் என்று அதில் இருந்தால் போதும். செங்கல் சூளைகளுக்குப் பாய்லர் எண் கிடையாது, அவற்றைக் கனிமவளத் துறையின் உரிமப் பட்டியலிலிருந்து எடுக்கலாம். முதல் வருடம் திருப்பூர், அரியலூர், கோயம்புத்தூர், திருவள்ளூர் ஆகிய நான்கு மாவட்டங்களில் செய்து பாருங்கள். ஜிஎஸ்டி வந்த 2017 வரை பின்னோக்கியும் கணக்கிடுங்கள், அப்போதுதான் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். முறையைத் திருத்த நேர்ந்தால் திருத்துங்கள், ஆனால் பழைய வருடங்களின் எண்களைத் தளத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

திருப்பூர் மாவட்டத்துக்கான அந்த ஒரு பக்கப் படிவத்தின் வரைவைத் தயார் செய்து, கூடவே பாய்லர்காரர்கள் நிரப்பக் கூடிய எளிய லாக் புக் மாதிரி ஒன்றையும் சேர்த்து, மாவட்டக் காலநிலை இயக்கத்திடம் கொடுக்க நான் தயார். தணிக்கை செய்யும் மற்ற நண்பர்களையும் அழைத்து வருகிறேன், கட்டணம் எதுவும் வேண்டாம். ஆளுமைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, எந்த அலுவலர் பொறுப்பு, முதல் அட்டவணை எந்த மாதம் வரும் என்பதைப் பொதுவில் அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஓர் எரிசக்தித் தணிக்கையாளர்